பின் இறங்காத ஸ்பிரிங்

அறுபத்திரண்டு வயதில் பொம்மை லாரி எதற்கு என்று கேட்காத ஆள் எங்கள் கிழக்கேகோட்டைத் தெருவில் என் மனைவி ஒருத்திதான். கேட்டவர்களுக்கெல்லாம், "பொம்மை இல்லை, ரிமோட் லாரியாக்கும்" என்று சுள்ளென்று பதில் சொல்வேன். கல்லாற்றுக் கூழாங்கற்கள் மேல் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சிக்கல் பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் வந்தது. நிஜ லாரியில் இருப்பதுபோலவே வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங். ஐந்து பட்டைகளோடு லாரி விறைத்து நின்றது. சின்னக் கல்லுக்கே துள்ளியது. இரண்டு பட்டைகளை உருவினேன். திரும்ப மாட்டும்போது, ஸ்பிரிங் முனையில் உள்ள துளையையும் சட்டத்தின் துளையையும் நேராக வைத்து, குண்டூசி கனத்தில் ஒரு பின்னைச் செருக வேண்டும். மனைவி லாரியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வாள், நான் செருகுவேன். பின் இறங்கவில்லை. துளையின் ஓரத்தில் தட்டித் தட்டித் தரையில் விழுந்து உருண்டது. ஒரு நாள் இல்லை, பத்து நாள்.

எனக்கு அண்ணாவின் ஞாபகம் வந்தது. அவருக்கு நடுக்குவாதம் விரலில்தான் தொடங்கியது. கடைசியில் சட்டைப் பொத்தானைக்கூட மன்னிதான் போட்டுவிட்டாள். எனக்கும் வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டம்ளர் நிறையத் தண்ணீரை எடுத்துக் கையை நீட்டிப் பார்ப்பேன், சிந்தாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இன்றைக்குச் சிந்தாவிட்டால் நாளைக்குச் சிந்தும் என்று தோன்றும். குற்றம் என் கையில்தான் என்று நம்பிக்கொண்டே மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"ஆட்டாம பிடிடீ!"

"பிடிச்சுண்டுதான் இருக்கேன்" என்பாள், மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கோவிலுக்குப் போயிருந்தாள். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே லாரியைக் கவிழ்த்து நிறுத்திவிட்டுப் பின்னை வைத்தேன். முதல் தடவையிலேயே இறங்கியது. நம்பாமல் உருவி மறுபடியும் செருகினேன். இரண்டு பக்க ஸ்பிரிங்கிலுமாக நான்கு முனைகளிலும் இறங்கியது. எனக்கு ஒன்றுமில்லை! கூடத்தில் தனியாக நின்று சிரித்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

சிரிப்பு அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. இத்தனை நாள் லாரியைப் பிடித்திருந்தது யார்?

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கடையில் வாங்கி ஒட்டிய கோலம். மாவில் போட்டு எத்தனை நாளாயிற்று? காப்பியை ஏன் அரை டம்ளரே தருகிறாள்? இதையெல்லாம் நான் கவனித்ததே இல்லை. கத்துவதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

அவள் வந்தாள். "இதைக் கொஞ்சம் பிடி" என்று லாரியை நீட்டினேன். மேஜைமேல் நின்ற புத்தகங்களைப் பார்த்தாள். மாட்டியிருந்த பின்களைப் பார்த்தாள். லாரியை வாங்கவில்லை. கைகளைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாலு மாசமாக்கும்" என்றாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். அப்போதான் நீங்க தண்ணி டம்ளரைப் பிடிச்சுண்டு நிக்கறதைப் பாத்தேன். உங்களுக்குன்னு நெனச்சே இத்தனை பயந்துட்டேளே, எனக்குன்னு தெரிஞ்சா என்ன ஆவேளோன்னு விட்டுட்டேன்."

"டாக்டர்கிட்டே போனியா?"

"தனியாப் போக பயமா இருந்தது. திட்டாம கூட்டிண்டு போறேளா?"