அம்மாவுக்கு ஒரு ‘வாங்க’

முதல் நாளே அந்த அம்மாள் என்னைத் துரத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்குத் தட்டோடு உள்ளே நுழைந்ததும், சிரித்த முகமாக மேசைப் பக்கம் கையைக் காட்டி, “போங்கா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் போகச் சொன்னது போகச் சொன்னதுதானே? எனக்குக் கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். தட்டோடு திரும்பி விடுவிடுவென்று நடந்தேன். தெருக்குழாய் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்து தட்டைப் பிடுங்கி, குழாய் மேடையில் வைத்துக் காட்டி, மறுபடியும் “போங்கா” என்றார். அவர்கள் பாஷையில் அதற்கு ‘வையுங்கள்’ என்று அர்த்தமாம். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு முதலாளி புதுச் சூளை போடுவதற்காக ஸ்பெயினிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார். அவருடைய மனைவிதான் இவர். தெருவுக்கு அவர் வெள்ளைக்காரம்மா. வெள்ளையாக இருந்தால் இங்கிலீஷ்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்கோ இங்கிலீஷ் என்னைவிடக் கொஞ்சம் குறைச்சல். நான் பி.யூ.சி.யில் தவறிவிட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். மனைவிக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் வேண்டுமென்று சூளைக்காரர் அப்பாவைக் கேட்டார். அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். தான் போனால் நன்றாயிருக்காது என்று என்னை அனுப்பிவிட்டார்.

நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பதிலுக்கு அவர் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார். ஏவுகிற சொற்களிலிருந்துதான் இருவருமே ஆரம்பித்தோம். வா, போ, வை, எடு. அவை தெரிந்தால் கடைக்காவது போய் வரலாமே. ‘பென்’ என்றால் வா. வேற்று மனிதர்களுக்கும் பெரியவர்களுக்கும் ‘பெங்கா’. வாங்க, பெங்கா! அதைக் கேட்டதும் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டிக்கொண்டோம். இத்தனை கடல் தாண்டியும் மரியாதை ஒரே ‘ங்க’வில் முடிகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. ‘வருகிறேன்’ என்பது பெங்கோ. கடைசி ஓகாரத்தை எடுத்துவிட்டு ஆகாரம் போட்டால் பெங்கா. போங்கோ, போங்கா. ‘என்னிடம் இருக்கிறது’ என்பது தெங்கோ; ‘இந்தாங்க’ என்பது தெங்கா. எல்லாச் சொல்லும் இப்படி ‘ங்கா’வில் முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நான் பாதி ஸ்பெயின்காரி ஆகிவிட்டிருந்தேன்.

ஒரு நாள் அவர் கேட்டார். தங்கள் கிராமத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் ‘பென்’தானாம், பெற்ற தாயை மட்டும் ‘பெங்கா’ என்றுதான் கூப்பிடுவார்களாம். “உங்கள் வீட்டில் எப்படி?” என்றார்.

கேள்வி சாதாரணமானதுதான். எனக்குத்தான் முகம் சுட்டது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வாங்க, போங்க எல்லாம் உண்டு. அம்மாவுக்கு அப்பா வைத்திருந்தது ‘ஏய்’. கோபமில்லாத நாளிலும் ஏய்தான். வகுப்பில் ‘வருக, அமர்க, வாழ்க’ என்று வியங்கோள் நடத்தும்போது அப்படியே உருகிவிடுவார் என்று பையன்கள் சொல்வார்கள். அதை இவரிடம் எப்படிச் சொல்வது? “எங்க வீட்டுல எல்லாருக்கும் எல்லாரும் வாங்கதான்” என்றேன். அவர் நெஞ்சில் கைவைத்து, எவ்வளவு நல்ல குடும்பம் என்றார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

அந்த நல்ல குடும்பத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தும்விட்டார். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று, “வருக, வருக. அமர்க” என்றார். அந்த அம்மாள் சொக்கிப்போனார். ‘வருக’ என்பது ஏவுவது இல்லை, வரவேண்டுமென்று விரும்புவது என்று அப்பா விளக்க, பெங்காவும் அப்படித்தான், அதற்குள் ஒரு விருப்பம் இருக்கிறது என்று அவர் சொல்ல, நடுவில் நான் இரண்டு பாஷையையும் தப்புத்தப்பாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் எங்கள் வீடு நான் சொன்ன வீடாகவே இருந்தது. அப்போது அப்பா சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி, “ஏய், காபி கொண்டா!” என்றார்.

அவருக்கு அது சத்தமே இல்லை, பழக்கம். ஆனால் அந்த அம்மாள், வாத்தியாரின் பிழையைக் கண்டுபிடித்துவிட்ட மாணவி மாதிரி, விரலை உயர்த்திச் சந்தோஷமாகச் சொன்னார்: “ஸார், தப்பு! கொண்டா இல்ல. கொண்டாங்க. இந்த வீடு, எல்லாருக்கும் வாங்க. உங்க பொண்ணு சொல்லிச்சு.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா காபி டம்ளர்களோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டிருந்தாள். முழுவதும் கேட்டிருக்கிறாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அவரு மேல தப்பு இல்லைங்கம்மா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இப்புடி அதட்டுனாதான் வெளங்கும்.”

அம்மாவின் காது எப்பேர்ப்பட்ட காது! சேத்தியாத்தோப்பு பஸ் கடைவீதி திரும்பும்போதே, “பிடிங்க, பஸ் வந்துட்டுது” என்று அப்பாவிடம் டிபனைக் கட்டிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் எங்கள் இருவர் மானத்தையும் காப்பாற்றத் தன்னைச் செவிடியாக்கிக்கொண்டாள். அப்பாவைக் காப்பாற்றியதாவது பரவாயில்லை. என் பொய்யையும் சேர்த்துக் காப்பாற்றினாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அந்த அம்மாள் அதை நம்பிவிட்டார். எழுந்து போய் அம்மாவின் காதருகே, “வாங்க! உக்காருங்க!” என்று தெருவே கேட்கும்படி கத்தி, தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அப்பா எதிரில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நுனியில்தான் உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக.

விருந்தாளி போனபிறகு அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நடையில் நின்றுகொண்டு பொதுவாகச் சொன்னார்: “வா, தா, போ. வினைப்பகுதியே ஏவல். இதுல மரியாதைக் குறைவு என்னா இருக்குது?” இலக்கணப்படி அது சரி.

மறுநாளிலிருந்து ஏய் போயிற்று. கூடவே வினைச்சொல்லும் போயிற்று. “தண்ணி.” “சோறு.” “துண்டு.” அவ்வளவுதான். பொருளின் பெயரைச் சுவரைப் பார்த்துச் சொல்வார்; அம்மா கொண்டுவந்து வைப்பாள். வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. வா என்று சொல்ல வெட்கம். நானும் முதலில் இதை வெற்றி என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அரிசி களைந்தபடியே அம்மா சொன்னாள்:

“முன்னயாவது என்னெக் கூப்புட்டாரு. இப்ப அதுவும் இல்ல.”

சூளை வேலை முடிந்து அவர்கள் இருவரும் ரயிலேறிய பிறகு வீடு இன்னும் வெறிச்சென்றாகிவிட்டது. சரி, அப்பா சொல்லாவிட்டால் போகிறது, சொன்ன பொய்யில் என் பங்கையாவது உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு சாயங்காலம் துணிந்தேன். சமையலறை வாசலில் நின்று, “அம்மா, வாங்க” என்றேன். என் காதுக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அம்மா சட்டென்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “யாருடி வந்திருக்காங்க?”

“யாரும் இல்லம்மா. உன்னெத்தான் கூப்புட்டேன்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் வந்தது. “என்னெ எதுக்குடி வேத்தாளாக்குற? அம்மாவ யாராச்சும் வாங்கம்பாங்களா?” என்று உள்ளே திரும்பிக்கொண்டாள். அடுப்பைத் தள்ளினாள், பாத்திரத்தை நகர்த்தினாள். பிறகு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: “அந்தம்மா ஊரு பாஷையில அதுக்கு என்னாடி?”

“பெங்கா.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“பெங்கா, அம்மா.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்து என் எதிரில், கூப்பிட்டவர்கள் முன்னால் நிற்பதுபோல நின்றாள். “ஒங்கப்பன் வாயிலதான் வரல. ஒன் வாயில வர்றதுக்கும் அடுத்த ஊரு பாஷ வேண்டியிருக்குது” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அது எழுபதுகளில். இதோ, இதை எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். இதிலே அப்பா ‘என்றார்’. எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரம்மாவும் ‘என்றார்’. அம்மா மட்டும் ‘சொன்னாள்’, ‘நின்றாள்’, ‘வந்தாள்’. ஒவ்வொன்றாக அடித்து, ‘அம்மா வந்தார்’ என்று திருத்திப் பார்த்தேன். வேறு யாருடைய அம்மாவோ வந்தமாதிரி இருந்தது. திரும்பவும் ‘வந்தாள்’ என்றே போட்டுவிட்டேன்.