நான் துடைத்த தாய்மார் அறை

மகள் பிறந்த மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பினேன். இன்னும் தாமதித்தால் வேறு ஆளை வைத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார். குழந்தையை ஈஜிபுராவில் எங்கள் வீட்டில் நாத்தனாரிடம் விட்டேன். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கான்ட்ராக்ட் ஆள்.

அங்கே நாலாவது மாடியில் தாய்மாருக்கென்றே ஓர் அறை இருந்தது. மெத்தை நாற்காலி, சின்ன ஃபிரிட்ஜ், உள்தாழ்ப்பாள். கம்பெனிப் பெண்கள் அங்கே பால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தினம் இரண்டு தடவை அதைத் துடைப்பவள் நான்.

பதினோரு மணிக்கெல்லாம் எனக்கு மார்பு கல்லாகிவிடும். யூனிஃபார்ம் நனைந்துவிடும். சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"சார், பத்து நிமிஷம் அந்த ரூம்ல உக்காந்துக்கறேன்."

"அது எம்ப்ளாயீஸுக்கும்மா. நீ பாத்ரூம்ல பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். வாஷ்பேசினில் பிழிந்து, குழாயைத் திறந்துவிட்டேன். என் பால் சாக்கடைக்குப் போனது; என் மகள் டப்பா பால் குடித்தாள்.

ஒருநாள் அறை காலியாக இருந்தது. கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் டப்பாவைத் தயாராகக் கொண்டுபோயிருந்தேன். தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தேன். பாதிகூட நிறையவில்லை, கதவைத் தட்டினார்கள். வெளியே நின்ற பெண்ணும் கைக்குழந்தைக்காரிதான். என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், திரும்பிப் போனாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் கத்தினார். "ரூம் கிளீனா இல்லன்னு மேடம் மெயில் போட்டிருக்காங்க!"

"கிளீன் பண்றதே நான்தானே சார்?"

மறுநாளிலிருந்து என்னைக் கார் பார்க்கிங்கில் போட்டார்கள். ஒரு மாதத்தில் பால் வற்றிவிட்டது.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா பால்புட்டியைப் பார்த்துவிட்டாள். "பெத்தா மட்டும் போதுமா? அழகு போயிடும்னு பயமா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எதையோ எழுதினாள்.

"என்ன எழுதறீங்க?"

"தாய்க்கு இஷ்டமில்லன்னு."

அட்டையில் விரலை வைத்தேன். "அதை அடிச்சிடுங்கக்கா. வேலை எடத்துல விடலன்னு எழுதுங்க."

"அதுக்கெல்லாம் இதுல எடம் இல்லம்மா. நகரு."

நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கன்னடத்திலும் தமிழிலும் திட்டினார்கள். குழந்தை வீறிட்டது. கடைசியில் நர்ஸம்மா பேனாவை அழுத்தி ஒரு கோடு இழுத்து அதை அடித்தாள். ஆனால் நான் சொன்னதை எழுதவில்லை.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.