கரும்பலகை மட்டும்

எங்கள் துறையில் அப்போது ஒரே ஒரு கணக்கு இயந்திரம்தான். பக்கவாட்டில் கைப்பிடி, சுற்றச் சுற்றக் கடகடவென்று எண்கள் விழும். அதற்கு ஆராய்ச்சி மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு காத்திருப்போம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஏப்ரல் மாதக் காலையில் என் முறை வந்தது. மூன்று தடவை சுற்றினேன். மூன்று தடவையும் ஒரே விடை. நான் ஒப்பிட்ட இரண்டு பள்ளிக்கூடங்களின் மதிப்பெண்களுக்கும் இடையே வித்தியாசமே இல்லை.

நான்காவது தடவை சுற்றக் கைப்பிடியைத் தொட்டபோது பின்னால் நின்றவர் செருமினார். எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு கல்வியியலில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். ஐந்து வருடம் ஓடிவிட்டது. கால நீட்டிப்பும் ஒருமுறை வாங்கியாகிவிட்டது. அடுத்த வருடம் ஜூன் மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் குப்பை. தம்பி கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தத்துக்குப் போய் முகம் காட்டிவிட்டு ஓடி வந்தவள் நான். மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்தில் காய்கறி வண்டிக்காரர் முதற்கொண்டு "இன்னாமா, படிப்பு முட்ஞ்சிச்சா?" என்று கேட்பார். என் கணவர் மட்டும் கேட்பதை நிறுத்தியிருந்தார். கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

என் ஆராய்ச்சி ரொம்ப எளிமையானது. எட்டாம் வகுப்புக் குழந்தைகள் அறிவியலைத் தாங்களே செய்து பார்த்துப் படித்தால் கூடுதலாகப் புரியுமா என்பதுதான் கேள்வி. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு நானே போய், காற்றழுத்தம், வெப்பம், ஒளி எல்லாவற்றையும் செய்முறையாக நடத்தினேன். சாந்தோம் பக்கம் இன்னொரு பள்ளியில் அங்குள்ள அறிவியல் டீச்சரே அதே பாடங்களை வழக்கம்போலக் கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்துவார். வருடக் கடைசியில் இரண்டு வகுப்புக்கும் ஒரே தேர்வு. செய்து பார்த்தவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது? ஊருக்கே தெரிந்ததை எண்ணால் நிரூபிக்கத்தான் பட்டம் கொடுத்தார்கள். எனக்கு அதுகூட நிரூபணமாகவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு, மறுபடி சரிபார்க்கலாம் என்று சாந்தோம் பள்ளிக்குப் போனேன். வாசலில் இருந்த ஆயா என்னைப் பார்த்ததும் டீச்சரைப் புகழ ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த டீச்சரு மாதிரி வராதும்மா. சனிக்கெளம லீவு நாள்ல கூட பொண்ணுங்கள இட்டாந்து கிளாஸ் எட்த்துக்கினு கீது. டம்ளரு, மெழுகுவத்தி, கண்ணாடி, இன்னான்னமோ எட்த்தாந்து வெச்சிக்கினு, ஒரே சிரிப்பு உள்ள."

நேராக ஆசிரியைகள் அறைக்குப் போனேன். அந்த டீச்சர் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஒல்லியான உடம்பு. கேட்டதும் கொஞ்சம்கூடத் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

"ஆமா டீச்சர். உங்க மயிலாப்பூர் ஸ்கூல்ல படிக்கிற பொண்ணு ஒண்ணு எங்க தெருவுல இருக்கு. டம்ளர் நிறையத் தண்ணி ஊத்தி, மேல போஸ்ட் கார்டை வெச்சுக் கவுத்துக் காட்டிச்சு. தண்ணி கொட்டல. எங்க பொண்ணுங்க வந்து கேக்குறாங்க, நமக்கு மட்டும் ஏன் டீச்சர் இதெல்லாம் இல்லன்னு. நான் என்னன்னு சொல்றது? அது கிட்டயே ஒவ்வொண்ணா கேட்டு எழுதி வெச்சிக்கிட்டு, சனிக்கிழமைல எல்லாத்தையும் செஞ்சு காட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் அவரைப் பாராட்டப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். தப்பு என் பேரில்தான். வழக்கம்போல நடத்துங்கள் என்று சொன்னேனே தவிர, எதற்காக என்று சொல்லவில்லை. சொன்னால் டீச்சர் வேண்டுமென்றே மாற்றி நடத்துவார், சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. இதெல்லாம் இப்போது யோசிப்பது. அன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். உங்களை யார் செய்யச் சொன்னது, என் அஞ்சு வருஷத்தை நாசம் பண்ணிட்டீங்களே என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து கடற்கரை மணலில் உட்கார்ந்து அழுதேன். நடுப்பகல் வெயில். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் இருந்த விடைத்தாள் கட்டை இங்கேயே கடலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று உண்மையாகவே தோன்றியது. போடவும் தைரியம் இல்லை.

சாயங்காலம் மயிலாப்பூரில் என் ஆராய்ச்சிக் கைடின் வீட்டுக்குப் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

"வேற ஸ்கூல் பாக்கலாம்னா, கல்வி அலுவலகத்துல அனுமதி வாங்கவே ஏழெட்டு மாசம் ஆயிடும். அந்த ஸ்கூலுக்கு அனுமதி கையில இருக்கு. ஜூன்ல புது எட்டாம் கிளாஸ் வரும் இல்லையா? ரெண்டு ஸ்கூல்லயும் மறுபடி பண்ணு. அந்த அம்மாவையே கேளு. இந்தத் தடவை ஒண்ணும் பண்ணாம போர்டுல மட்டும் நடத்தச் சொல்லு. நீயே போய் பின்னால உக்காண்டு பாத்துக்கோ."

"நான் கத்திட்டு வந்திருக்கேனே சார்."

"அப்போ மன்னிப்புக் கேளு. ஆத்துல உக்காண்டு அழுதா தீஸிஸ் வருமா?"

மறுநாளே போனேன். காலில் விழாத குறை. டீச்சர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்ன வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன், இந்தத் தடவை எதையும் மறைக்காமல். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நான் ஒண்ணும் செய்யக் கூடாதா, இல்ல அதுங்களுக்கு ஒண்ணும் தெரியக் கூடாதா?"

ஒரு வருஷம்தான் டீச்சர், என் வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பொய் இல்லை, அப்போது அப்படித்தான் நம்பினேன்.

"சரி, அழாதீங்க. உங்களுக்காகச் செய்யல," என்றார். செய்கிறேன் என்றில்லை, செய்யாமல் இருக்கிறேன் என்று ஒரு மனுஷி எனக்கு வாக்குக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அந்த வருடம் காலையில் மயிலாப்பூர், பிற்பகலில் சாந்தோம் என்று ஓடினேன். மயிலாப்பூரில் பெண்களை நிற்கவைத்து, இங்கே செய்வதை வெளியே யாருக்கும் காட்டமாட்டோம் என்று சாமி பேரில் சத்தியம் வாங்கினேன். படித்ததை யாருக்கும் சொல்லாதே என்று குழந்தைகளிடம் சத்தியம் வாங்கிய டீச்சர் நானாகத்தான் இருப்பேன். யாராவது ஒரு பெண் தெருவில் டம்ளரைக் கவிழ்த்துவிடுவாளோ என்று தினமும் பயம்.

சாந்தோமில் கடைசி பெஞ்சில், சுவர் ஓரமாக உட்காருவேன். காற்றழுத்தப் பாடம் ஆகஸ்டில் வந்தது. டீச்சர் கரும்பலகையில் டம்ளர் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, காற்று கீழிருந்து மேலே அழுத்துகிறது என்று எழுதினார். முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"டீச்சர், போன வருஷம் எங்க அக்காவுக்கு நெஜ டம்ளர்ல செஞ்சு காட்டினீங்களாமே?"

வகுப்பு முழுவதும் நிமிர்ந்தது. டீச்சரின் மேஜை மேலேயே குடிதண்ணீர் டம்ளர் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு போதும், ஒரே நிமிடத்தில் செய்து முடித்திருப்பார். நான் என் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"அது போன வருஷம். உக்காந்து எழுது," என்றார் டீச்சர்.

அந்தப் பெண் உட்கார்ந்து எழுதினாள். அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாரும் எதையும் கேட்டதாக என் நோட்டில் குறிப்பு இல்லை. டீச்சரும் மார்ச் வரைக்கும் வாக்குத் தவறவில்லை. என்னிடம் பேசுவதைத்தான் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார்.

தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களை மாம்பலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு திருத்தினேன். சாந்தோம் கட்டில் முதல் நான்கைந்து தாள்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாதிக்குப் பாதி வெறும் தாள். இருந்த விடைகளும் பலகையில் இருந்ததை அப்படியே, புள்ளி பிசகாமல். தப்பு விடை வர வர எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே வந்த கணவர், நான் சிரிப்பதைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏறக்குறைய நடுவில் ஒரு தாள். ஏழாவது கேள்வி: அட்டையால் மூடிய டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் ஏன் கொட்டுவதில்லை? பதில் எழுத வேண்டிய இடத்தில் குண்டு குண்டான எழுத்தில், 'கொட்டும் என்றுதான் நினைக்கிறேன். எங்களுக்கு யாரும் செய்து காட்டவில்லை' என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு எழுந்து நின்று கேட்டவளா, வேறு யாராவதா, தெரியாது; பெயர் இருந்த மூலையை நான்தான் விதிப்படி மடித்து ஒட்டியிருந்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

மறுவாரம் இயந்திரத்தில் ஒரே தடவைதான் சுற்றினேன். வித்தியாசம் வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. கைடு முதுகில் தட்டாத குறையாகச் சபாஷ் சொன்னார். அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்துத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள்.