எரிமலை அண்ணை

பிக்கரிங்கில் நான் காலை ரெயின் ஏறினால் அவர் கதவோரமாகத்தான் நிற்பார். கட்டையான மனிதர், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. ரொறன்ரோ வரும்வரை போனில் எரிமலை வெடிக்கிற வீடியோ பார்ப்பார். பெயர் தெரியாததால் எனக்குள் அவர் எரிமலை அண்ணை.

"அந்தக் காலத்தில எரிமலை மூடின பொம்பேய் நகரத்தில கொஞ்சப்பேர் ஏன் செத்தவை தெரியுமோ தம்பி? சாம்பல் கொட்டேக்க சாமான் எடுக்கத் திரும்பிப் போனவை. விசரர்!" என்று கிழமைக்கு இரண்டு தரமாவது சொல்லுவார்.

ஒருநாள் எங்கள் பெட்டிக்குள் புகை வந்தது. அடுத்த ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கினார்கள். முதலில் குதித்தவர் அவர்தான். பிளாட்போமில் நின்று தன் வெறுங்கையைப் பார்த்தார். ரெயின்காரர் கத்தக் கத்த மறுபடி புகைக்குள் ஓடினார். இருமிக்கொண்டு வெளியே வந்தபோது நெஞ்சோடு ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை அணைத்திருந்தார்.

"என்ன அண்ணை உது?"

"புட்டும் இறால் குழம்பும்."

வீடியோ பார்ப்பதை அவர் இன்னும் விடவில்லை. ஆனால் பொம்பேய்ச் சனத்தை இப்போது ஏசுவதில்லை.

"பாவம் தம்பி," என்கிறார், "அதுகளும் ஏதும் சமைச்சு வச்சிருந்திருக்குங்கள்."