கூரை இல்லாத குடில்

டீசலும் ஈர மரமும் கலந்த வாடை... ராயபுரத்தில் அந்தச் சந்துக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும். டிசம்பரில் அதோடு பெயிண்ட் வாடையும் சேர்ந்தால், சேவியர் அண்ணன் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் அப்போதுதான் பத்திரிகை வேலையில் சேர்ந்திருந்தேன். அந்தக் குடிலைப் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி எழுதி வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சேவியர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர். தெருக் குடிலுக்குக் கடையில் எதுவும் வாங்க மாட்டார். கடல் ஒதுக்கியதுதான் அவருக்குச் சாமான். அறுந்த நைலான் வலையைப் பிரித்தால் வைக்கோல். வலை மிதவைகள் ஆடுகள். ஒற்றை ரப்பர் செருப்பை வெட்டினால் ஒட்டகம்.

"இன்னா மாமு, ஏசுவுக்குக் குப்பையிலயா வூடு?" என்று ஒருவன் சீண்டினான்.

"அவரு மாட்டுக் கொட்டாயில பொறந்தவருடா. உன்னாட்டம் பேஜாரு பண்ண மாட்டாரு."

அந்த வருடம் கூரைக்கு ஒரு நீலப் பலகை கிடைத்திருந்தது. எண்ணூர் பக்கம் ஒதுங்கியது. வெள்ளை எழுத்தில் 'ஆரோ' வரை இருந்தது, மீதி உடைந்துபோயிருந்தது.

'ஆரோக்கியம்' என்பது எதிர் வீட்டு ரோஸி அக்காவின் கணவர் போன படகு. புயலில் போனது... திரும்பவில்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை. நண்பனுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் சேவியர் அந்தப் பலகையைக் கூரையாக்கினார். பார்த்தவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள்.

ரோஸி அக்கா கும்பிடவில்லை.

"அத்த எடு அண்ணாத்த."

"ரோஸி... என் தோஸ்துக்காக வெச்சது."

"செத்தவங்களுக்கு வெக்கிற மாரி வெச்சுகீற. நாளைக்கே அவரு வந்து, என் படகு எங்கடின்னு கேட்டா நான் இன்னா சொல்வேன்?"

சேவியர் ஆணிகளைப் பிடுங்கினார். அக்கா பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடில் கூரையில்லாமல் நின்றது. அடுத்தடுத்த வருடங்களிலும் அப்படியேதான். வேறு பலகை போடச் சொன்னால் சேவியர், "ரோஸி குடுக்கற அன்னிக்கிக் குடுக்கட்டும்" என்பார்.

அந்த நாள் வருவதற்குள் சேவியர் காலமாகிவிட்டார்.

போன டிசம்பரில் அந்தச் சந்துக்குப் போனேன். ரெடிமேட் குடில்... தெர்மகோல் சுவர், ஒட்டிய வைக்கோல் கூரை, சீரியல் லைட். வாடை எதுவும் இல்லை.

ரோஸி அக்கா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் அந்த நீலப் பலகை.

"இத்த மேல வெச்சுடுங்கப்பா."

குடில் வைத்த பையன்கள் மரியாதையாகத்தான் வாங்கினார்கள். மெதுவாக வைத்தும் பார்த்தார்கள். சுவர் நெளிந்தது.

"தாங்காது ஆயா... நொறுங்கிடும்."

அக்கா அந்த வைக்கோல் கூரையைத் தொட்டுப் பார்த்தார்.

"அதுவும் நல்லாத்தான் கீது" என்றார்.

பலகையைத் திரும்பத் தூக்கினார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல கனம். வீட்டு வாசல் வரை போனோம். எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன்.

அவர் வாசற்படி ஏறவில்லை. அவர் பிடித்திருந்த முனையைக் கீழே வைக்கவும் இல்லை.