முட்டிக்குள் ஜவ்வு மிட்டாய்

ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நிற்கிற காலின் முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு, விழாமல் இருக்க டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டும். போன வாரம் தேனியில் எனக்கு நடந்த பரிசோதனை இது. டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஐம்பதை நெருங்கும் தொந்திக்காரன் ஒருவன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடியதைப் பார்த்து என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். "வலிக்குதா சார்?" என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே நான் கத்திவிட்டேன். உண்மையில் அப்போது வலிக்கவில்லை. வலிக்கப்போகிறது என்று தோன்றியது. பயத்தில் நான் எப்போதும் முந்திக்கொள்கிறவன்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். "வீட்ல வேற யாருக்காவது முட்டியில இப்படிச் சத்தம் வருமா? அப்பாவுக்கு, அம்மாவுக்கு?"

எதற்கும் ஒரு நக்கல் பதில் வைத்திருக்கிற நான் அன்றைக்கு, "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது, எழுந்து நடந்தால் மனம் ஆடுகிறது. எழுதினாலாவது ஓர் இடத்தில் நிற்குமா என்று பார்க்கிறேன்.

என் வலது முட்டி சின்ன வயதிலேயே பேசும். குந்த உட்கார்ந்துவிட்டு எழுந்தால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கேரம்போர்டில் ஸ்டிரைக்கர் காயில் படுகிற மாதிரி, பக்கத்து பெஞ்சுக்கும் கேட்கும். போடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடுகிறவன் இருந்தான், படம் வரைகிறவன் இருந்தான். முட்டியால் பேர் வாங்கியவன் நான் ஒருவன்தான். கேட்டவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து எழுந்து காட்டுவேன்.

வீட்டில் மட்டும் அந்த வித்தை செல்லாது. என் எல்லாச் சேட்டையையும் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும் அம்மா, இந்தச் சத்தம் கேட்டால் மட்டும் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். "அந்தச் சத்தம் இந்த வீட்ல கேக்கக் கூடாது, பாத்துக்க." ஏன் கேட்கக் கூடாது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சத்தமே பிடிக்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவள் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் உட்காருவாள். அதைத் தாண்டிக் குதித்துப் போவதுதான் எங்களுக்குப் பழக்கம். கதவு, ஜன்னல் மாதிரி அந்தக் காலும் வீட்டோடு வந்தது என்று நினைத்திருந்தேன்.

அம்மா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். விடிவதற்குள் ஜீப்பு தெருமுனைக்கு வந்து நிற்கும். பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கும். வேறொரு ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார் என் மாமா, அம்மாவின் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குரங்கணிக்குக் காப்பிக்கொட்டை லோடு ஏற்றப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன்.

லோடு ஏற்றுகிற இடத்தில் ஜவ்வு மிட்டாய்க்காரர் நின்றிருந்தார். உயரமான மூங்கில் கழி, உச்சியில் கை தட்டுகிற பொம்மை, அதற்குக் கீழே ரோஸ் நிறத்தில் சுற்றிவைத்த மிட்டாய். அதை இழுத்து இழுத்து மயில் செய்வார், தேள் செய்வார், பையன்கள் கையில் வாட்ச்சு கட்டிவிடுவார். மாமா சும்மா இருக்க மாட்டாமல், "அண்ணே, எங்க மாப்ள முட்டியிலயே வெடி போடுவான், பாக்குறீங்களா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"போடட்டும். ஒரு வெடிக்கு ஒரு வாட்ச்சு" என்றார் மிட்டாய்க்காரர்.

முதல் ‘டொக்’குக்கு ஒரு வாட்ச்சு வந்தது. கட்டிய கையோடு தின்றேன். லோடு ஏற்றுகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். இரண்டாவதையும் தின்றேன். மூன்றாவதுக்கு வெறும் முட்டி போதாது என்று தோன்றியது. ஒரு சுற்று சுழன்று உட்கார்ந்து, சுழன்றபடியே எழுந்தேன்.

‘டொ’ வந்தது. ‘க்’ வரவில்லை.

கால் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. நீட்டினால் உள்ளே ஏதோ கட்டை கொடுத்தது. கதவிடுக்கில் துணி மாட்டிக்கொண்ட மாதிரி. கூட்டம் அதையும் வித்தையில் சேர்த்துக்கொண்டு கை தட்டியது. பொம்மையும் தட்டியது. நான் அழ ஆரம்பித்த பிறகுதான் மாமாவுக்கு முகம் மாறியது. என்னை அப்படியே தூக்கி ஜீப்பின் முன்சீட்டில் வைத்து, முட்டிக்கு அடியில் காலிச் சாக்கைச் சுருட்டி வைத்தார்.

"காலை எடுத்துருவாங்களா மாமா?"

"எடுத்துட்டு என்ன செய்யப் போறாங்க? கழட்டி, கிரீஸ் வச்சு, திரும்ப மாட்டுவாங்க. நம்ம ஜீப்புக்குப் பண்ணலையா?"

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கோ அந்த ஜீப்புக்கு சர்வீஸ் செய்தபோது நாலைந்து நட்டு மிச்சம் விழுந்து, அதை மாமா டப்பாவில் போட்டு வைத்தது ஞாபகத்துக்கு வந்தது. மலை முழுக்க அழுதுகொண்டே இறங்கினேன். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி ஒரு பள்ளத்தில் ஜீப்பு குதித்ததில் ‘க்’ வந்து சேர்ந்தது. கால் நீண்டுவிட்டது.

"மாமா, சரியாப் போச்சு. வண்டியத் திருப்புங்க, ஒரு வாட்ச்சு பாக்கி இருக்கு."

மாமா திருப்பவில்லை. அவருக்கு மலை யானையைவிட அவர் அக்காவிடம்தான் பயம். நேராக வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மடக்குறப்ப மாட்டுச்சா, நீட்டுறப்ப மாட்டுச்சா?"

"நீட்டுறப்ப."

"வெளிப்பக்கமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டாள். "டே தம்பி, வெரசா வண்டிய எடு." ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மதுரையிலிருந்து ஓர் எலும்பு டாக்டர் போடிக்கு வந்து உட்காருவார். அவரிடம் போனோம். அவரும் முதல் கேள்வியாக, மடக்கும்போதா நீட்டும்போதா என்றுதான் கேட்டார். அம்மா அவரிடம் முன்னாலேயே பேசி வைத்துவிட்டாள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

மேஜையில் படுத்ததுமே என் திட்டத்தை முடிவு செய்துவிட்டேன். வலிக்கிறது என்று சொன்னால்தானே கழற்றுவார்கள்? என்ன செய்தாலும் சிரிப்பது. டாக்டர் கட்டை விரலால் முட்டியின் ஓரத்தில், எலும்பும் எலும்பும் சேருகிற கோட்டோடு அழுத்திக்கொண்டே வந்தார். வெளிப்பக்கம் ஓர் இடத்தில் அழுத்தியபோது மேஜையிலிருந்து ஒரு சாண் எழும்பினேன்.

"வலிக்குதா?"

"இல்ல சார். கூசுது."

அடுத்து முட்டியை முழுசாக மடக்கினார். ஒரு கை முட்டி மேல், ஒரு கை குதிகாலில். பாதத்தை உள்பக்கம் திருகிக்கொண்டே மெல்ல நீட்டினார். நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முட்டி என்னைக் காட்டிக்கொடுத்தது. ‘டொக்.’

"இதுவும் கூச்சமா?" என்றார் டாக்டர்.

குப்புறப் படுக்கச் சொன்னார். எனக்கு அது வசதி, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொள்ளலாம். முட்டியை மடக்கி, பாதம் கூரையைப் பார்க்கிற மாதிரி வைத்து, மேலிருந்து அமுக்கித் திருகினார். உயிர் போனது. அப்புறம் காலைத் தூக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டே அதே மாதிரி திருகினார். வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. முகத்தை மறைத்தேனே தவிர, கால் விரல்களை மறைக்க மறந்துவிட்டேன். அமுக்கியபோது விரிந்து, இழுத்தபோது சுருங்கி, அவையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

"அமுக்குனா வலி, இழுத்தா இல்ல" என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். "ஜவ்வு மாட்டுது. கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும்."

தலையணைக்குள் எனக்குக் காது அடைத்தது. ஜவ்வு. வயிற்றுக்குப் போக வேண்டிய மிட்டாய் வழி தவறி முட்டிக்குப் போய்விட்டது. அதனால்தான் ஒட்டிக்கொண்டு கால் நீளவில்லை. கிழிந்தும் இருக்கிறதாம். இனிமேல் மறைத்துப் பயன் இல்லை என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"சார், ரெண்டே ரெண்டு வாட்ச்சுதான் சார் முழுங்குனேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னது?"

"மூணாவது வாட்ச்சு முழுங்கல சார். அதுக்குள்ள கால் மாட்டிக்கிச்சு."

டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்தார். "எப்பய்யா முழுங்குனான்? கைக்கடிகாரத்தையா? அத ஏன் மொதல்ல சொல்லல?" என்று டாக்டர் என் வயிற்றை அமுக்கத் தொடங்கினார். ஜவ்வு மிட்டாய், மூங்கில் கழி, கை தட்டுகிற பொம்மை எல்லாவற்றையும் மாமா விளக்கி முடிப்பதற்குள் அந்த அறையில் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, முட்டிக்குள் இருக்கிற ஜவ்வு பிறக்கும்போதே இருப்பது, ரெண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி கிடப்பது, ரோஸ் கலரில் இருக்காது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"கடைசியா ஒண்ணு. கீழ குந்த உக்காரு. எந்திரிக்காம அப்படியே நடக்கணும். வாத்து மாதிரி."

நான் மேஜைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்து எழுந்ததில்தானே இவ்வளவும் வந்தது? மறுபடி மாட்டிக்கொண்டால்? "எனக்கு வாத்து நடை தெரியாது சார்" என்றேன்.

"இதென்னடா பெரிய வித்தை? நாங்க நெதமும் நடக்குறதுதான். பாரு" என்று அம்மா கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள்.

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் மேலே இருக்காது. தூரில், தரையோடு தரையாகக் கிடக்கிற சரத்தில்தான் இருக்கும். காய் எடுக்கிறவள் காலையில் ஒரு செடியின் தூரில் குந்தினால், எழுந்து நடப்பதில்லை. குந்தினபடியே அடுத்த தூருக்கு நகர்வாள். அம்மா டாக்டரின் அறையில் அப்படித்தான் போனாள். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில், பாதம் மாற்றி மாற்றி, சேலை தரையில் படாமல், அவ்வளவு வேகமாக. போகிற வாக்கில் இல்லாத செடியை ஒரு கை விலக்கியது.

பீரோவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பினாள். ‘டொக்.’

என் முட்டியின் சத்தம். அச்சு அசல் அதே சத்தம். டாக்டர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அது உங்க முட்டியா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இல்ல சார். எங்கம்மா வாயால பண்ணுது. என்னைய மாதிரியே நடிச்சுக் காட்டுது."

அம்மா எழுந்திருக்காமல் ஒரு நிமிஷம் அங்கேயே பீரோவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமா சார், வாயாலதான். பயந்து கெடக்கான்ல, சிரிக்கட்டுமேன்னு" என்றாள்.

"உங்களையும் ஒரு தடவை பாத்துடறேன். இப்படிப் படுங்க."

"எனக்கென்ன சார்? நாளைக்கு வெடியக்காலம் மலைக்குப் போகணும். அவனப் பாருங்க."

அம்மாவே எனக்காக வேஷம் கட்டிய பிறகு எனக்கு என்ன பயம்? நானும் இறங்கிக் குந்தினேன். ரெண்டு எட்டு வைத்ததும் வெளிப்பக்கம் சுருக்கென்று குத்தியது. டாக்டர் போதும் என்றார். என் ஜவ்வு பிறவியிலேயே தடிமன், பிறை மாதிரி இருக்க வேண்டியது வட்டமாக இருக்கிறது, அதனால்தான் வழுக்கிச் சத்தம் போடுகிறது என்று அம்மாவிடம் சொன்னார். இப்போதைக்குக் கத்தி வேண்டாம். மறுபடி மாட்டினால் மதுரைக்குக் கூட்டி வர வேண்டும். வித்தை காட்டுவதை நிறுத்த வேண்டும். முக்கியமாக, குந்த உட்காரவே கூடாது.

"உக்காரவே கூடாதா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"கூடாதும்மா. உக்காந்தா இன்னும் கிழியும்."

அம்மா தன் சேலைக் கொசுவத்தை நீவிவிட்டாள். "அவன் உக்கார மாட்டான் சார். நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் நானும் அம்மாவும் பின்னால் இருந்தோம். கழற்றவில்லை, கிரீஸ் வைக்கவில்லை, என் கால் என்னிடமே இருந்தது. முட்டியால் இனி காட்ட முடியாத வித்தையை வாயால் காட்டலாமே என்று எனக்குத் தோன்றியது.

"எப்படிம்மா பண்ணுன? சொல்லிக்குடு."

ஒரு காலை எதிர் சீட்டு வரைக்கும் நீட்டி, முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "நாக்க மேல நல்லா ஒட்டிக்க. இழுத்து விடு."

இழுத்து விட்டேன். ‘டிக்’ என்றது.

"இன்னுங் கொஞ்சம் உள்ள மடக்கு."

‘டக்’ என்றது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தானும் முயன்று பார்த்தார். அவருக்கும் வரவில்லை. அதன்பிறகு பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் மாதக்கணக்கில் பழகினேன். குதிரைச் சத்தம் வந்தது, பல்லிச் சத்தம் வந்தது, சோடா மூடி திறக்கிற சத்தம்கூட வந்தது. அம்மாவின் ‘டொக்’ மட்டும் என் நாக்குக்குக் கடைசிவரை வரவே இல்லை. நாக்கை மடக்குவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.