வெள்ளி உண்டு என்று சொன்ன மலை

காலை ஏழு மணி. மோதி பாக் குடியிருப்பிலிருந்து வாடகைக் கார் கிளம்பியபோது எதிர்வீட்டு மொட்டைமாடிகூடத் தெரியாத பனிமூட்டம். ஜனவரி மாத டெல்லியில் புத்தியுள்ளவர்கள் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டிருக்கும் நேரத்தில், நானும் என் தம்பி சங்கரனும் வெள்ளிச் சுரங்கம் தேடிப் போனோம். போய்வர இரண்டாயிரம் ரூபாய் என்று பேசியிருந்தான். வெள்ளி கிடைத்தால் அதில் சரிக்கட்டிவிடலாம் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

சங்கரன் மூன்று வருடம் அமெரிக்காவில், அப்பலாச்சியன் மலைத்தொடரில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்த்தான். வேலை போய், தீபாவளி கழிந்து திரும்பி வந்தான். பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. தலை நிறைய ஒரு கதை இருந்தது.

யாரோ ஒருவன் அந்த மலையில் வெள்ளி வெட்டியெடுத்துக் காசு அடித்தானாம். ஒருநாள் சுரங்கத்தின் வாயைக் கல்லால் அடைத்துவிட்டு ஊருக்குப் போனான். திரும்பி வருவதற்குள் கண் போய்விட்டது. பாறை பாறையாகத் தடவித் தேடியே செத்துப்போனான். அங்குள்ள பூர்வகுடிகளுக்கு இடம் தெரியும், ஆனால் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று மற்றவர்கள் சொல்வார்களாம். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு இதே கதை. ஒவ்வொரு குடும்பமும் அது தன் மலைதான் என்று சாதிக்கும். பாறையில் ஆமையோ பறவைக்காலோ செதுக்கியிருந்தால் அதுதான் வழிகாட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித் தேடப்போகிறவர்களோடு இவனும் சுற்றியிருக்கிறான். நிலவியல் படித்தவர்கள் அங்கே வெள்ளியே கிடையாது என்று சொல்லியாயிற்று.

"இல்லன்னு சொல்லதுக்குத்தான அவனுகளுக்குச் சம்பளம்" என்பான் சங்கரன்.

விமான நிலையத்திலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த ஓட்டுநர் மஹிந்தர், சும்மா பேச்சுக்கு, தன் ஊர் ஆரவல்லிக் குன்றிலும் வெள்ளி புதைந்திருப்பதாகத் தாத்தா சொன்ன கதையை எடுத்துவிட்டார். பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து தூக்கமில்லை. மனைவியும் மகளும் சென்னையில் மாமனார் வீட்டில். நாற்பத்தோரு வயது ஆள் சோற்றுத் தட்டின் முன்னால் பாறைப் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அக்காக்காரிக்கு எப்படி இருக்கும்? தனியே விட்டால் திரும்பி வரமாட்டான் என்ற பயத்தில்தான் கூடப் போனேன்.

எட்டரை மணி. மெஹ்ரோலி, சத்தர்பூர் தாண்டி ஹரியானா எல்லை. மஹிந்தரின் ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிறே மண்வெட்டியோடு நாலு பேர் போவார்கள்.

குன்றடியில் வண்டியை நிறுத்திய மஹிந்தர் இறங்கவில்லை.

"நீங்க வரலியா, பையா?" என்று இந்தியில் கேட்டேன். பையா என்றால் அங்கே அண்ணன்.

"அது சொல்றதுக்கான கதை, மேடம். போறதுக்கான கதை இல்லை" என்றார்.

ஒன்பது மணி. மேலே ஏறினோம். செம்மண், உடைந்த பாறை, கீகர் முள். கீகர் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர்ச் சீமைக் கருவேலம்தான். பதர்ப்பூர் என்று டெல்லி கொத்தனார்கள் சொல்லும் மணலுக்காக இந்தக் குன்றுகளை ஒருகாலத்தில் குடைந்து தள்ளினார்கள். பிறகு தடை வந்தது, குடைந்தவர்கள் போனார்கள், குடைந்தது அப்படியே இருக்கிறது. பத்தடிக்கு அப்பால் பனி. எங்கள் காலடிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

சங்கரன் சட்டென்று நின்றான். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கற்கள், உச்சியில் ஒரு முள் கிளை.

"அக்கா, பாத்தியா? யாரோ வேணும்னே வச்சிருக்கான்."

"ஆடு மேய்க்கவங்க வச்சிருப்பாங்கல. வா, போவோம்."

"சும்மா எவனாவது முள்ள ஒடிச்சு வைப்பானா? அங்க ஆம, இங்க மூணு கல்லு. அவ்ளோதான்."

கொஞ்சம் தள்ளி இன்னொரு குவியல். அதற்கப்பால் மூன்றாவது. மூன்றும் நூல் பிடித்தாற்போல் ஒரே நேரில். அவன் முகத்தில் இரண்டு மாதமாக நான் பார்க்காத சந்தோஷம். அதைப் பார்த்து நானும் ஒரு நிமிடம் நம்பினேன்.

அவன் முன்னால் ஓடினான். பனிக்குள்ளிருந்து நில், நில் என்று ஒரு பெண்குரல் இந்தியில் கத்தியது: "ருக்கோ! ருக்கோ!" அடுத்த கணம் மண் சரியும் சத்தம். தம்பியைக் காணவில்லை.

"சங்கரா!" என்று ஓடப்போன என்னை யாரோ பின்னாலிருந்து இழுத்துத் தரையில் தள்ளினார்கள். என் வயதுள்ள, ஆடு மேய்க்கும் ஒரு குஜ்ஜர் பெண், கையில் நீளத் தடி. படு, படுத்துக்கொண்டே போ என்று சைகை காட்டினாள். தவழ்ந்தேன். குழியின் விளிம்பில் வேர் ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கழுத்துக்குக் கீழே இருட்டு.

"அக்கா, காலுக்கு ஒண்ணும் தட்டுப்படல" என்றான்.

"பேசாதல. வேர விட்டுராத. பிடிச்சுக்கோ."

அவள் தலையில் போட்டிருந்த ஓட்னித் துணியைத் தடியில் முடிந்து நீட்டினாள். அவன் ஒரு கையை எடுத்ததும் வேர் மளுக்கென்றது. இன்னொரு கையும் துணியைப் பற்றிக்கொண்டது. இரண்டு பெண்களும் வயிற்றால் மண்ணில் கிடந்து இழுத்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் நெஞ்சு மேலே வந்தபோது சட்டைக் காலரைப் பிடித்தேன், பிறகு விடவே இல்லை.

மூச்சு வந்ததும் அந்தப் பெண், பெயர் பிம்லா, எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தாள். கீழே மணல் எடுத்த சுரங்கம் நேராக ஓடுகிறது. கூரை மண் எங்கெல்லாம் மெலிந்திருக்கிறதோ அங்கெல்லாம் கல் அடுக்கி முள் வைப்பது மேய்ப்பவர்கள் வழக்கம். முள்ளைப் பார்த்தால் ஆடுகூட ஒதுங்கிப் போகும். இவன் அதையே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்!

திட்டி முடித்தவள் சங்கரன் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"கீழே என்ன பார்த்தாய்?"

அவன் முழித்தான்.

"என் வீட்டுக்காரர் வெள்ளி தேடித்தான் இறங்கினார். உயிரில்லாமல்தான் மேலே கொண்டுவந்தோம். உள்ளே ஏதாவது இருந்ததா?"

சங்கரன் அவள் கையைப் பார்த்தான். ஓட்னி இழுத்துத் தோல் உரிந்திருந்தது. "பளபளவென்று ஏதோ மின்னியது, பஹன்ஜி" என்றான்.

அவள் முகம் இளகியது. தலையை ஆட்டிக்கொண்டே ஆடுகளைப் பார்க்கப் போனாள்.

பதினோரு மணி. கார் பிரதான சாலைக்கு வந்திருந்தது. "நெசமாவே மின்னுச்சால?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியலக்கா. ஒரே இருட்டு, ஈர மண்ணு வாசம். அவ்ளோதான். அந்தம்மா மொகத்தப் பாத்து எப்படிச் சொல்லச் சொல்லுத?"

கண் போனவன் செத்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் அந்த மலைக்காரர்கள் ஏன் தேடுகிறார்கள் என்பது அப்போது புரிந்தது. இப்படி யாரோ ஒருவன், யாரையோ பார்த்துப் பரிதாபப்பட்டு, மின்னியது என்று சொல்லியிருப்பான்.

"பையா, வண்டியத் திருப்புங்க."

"அக்கா, வேண்டாங்க்கா."

"நீதான் சொன்ன. நீதான் சொல்லணும்."

பிம்லா ஆடுகளோடு குன்றடிக்கு இறங்கியிருந்தாள். குழியில் அடிபட்ட முழங்காலோடு சங்கரன் நொண்டிக்கொண்டு போய்ச் சொன்னான். கண்ணாடியை இறக்கிவிட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளி இல்லை, மின்னவில்லை, நான் பொய் சொன்னேன் என்று உடைந்த இந்தியில் இரண்டு தடவை சொன்னான். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓட்னியால் முகத்தை மூடி அழுதாள். அடிப்பாளோ என்று பயந்தேன்.

எழுந்தபோது அவள் குரல் கம்மியிருந்தது. "என் பெரியவன் கயிறு வாங்கி வைத்திருக்கிறான். அப்பா விட்ட இடத்திலிருந்து தேடப்போகிறானாம். நான் சொல்லி அவன் கேட்டதில்லை. நீ உள்ளே போய் வந்தவன். நீ சொன்னால் கேட்பான். வா."

சங்கரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையசைத்தேன். வீங்கிய முழங்காலோடு அவன் அவளுக்குப் பின்னால் ஊருக்குள் நடந்தான்.